நற்சான்றும் ஓர் அமானிதம்

பரீட்சை முடிவுகள் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்தால் போதும். மஃரிபு தொழுகை முடித்து வெளியே வரும்போது, ஹவுளுக்குப் பக்கத்தில் கையில் காகிதச் சுருளுடன் நாலைந்து வாலிபர்கள் நிற்பதைக் காணலாம். முத்தவல்லி வந்ததும் ஸலாம் சொல்லிப் பேனாவை நீட்டுவார்கள். அவரும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். திண்டுக்கல் நகரிலும் சுற்று வட்டாரத்திலும் நாம் வருடக் கணக்காகக் கண்டு வரும் காட்சி இது. அந்தக் கையெழுத்தைப் போட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதால், இதை எழுதும் தகுதியும் வெட்கமும் நமக்கு ஒருங்கே உண்டு.

இக்காகிதங்கள் பல வகைப்படும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக உத்தியோகத்துக்குத் தேர்வாகிறவர், கடைசியாகப் படித்த கல்வி நிலையத்திலிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றிதழும், ஏ அல்லது பி பிரிவு அரசு அலுவலர் ஒருவரிடமிருந்து மற்றொன்றும் தர வேண்டியிருக்கிறது. மத்திய அரசு வேலையில் சேருகிறவர் பூர்த்தி செய்யும் சரிபார்ப்புப் படிவத்தில், அவரை அறிந்த பொறுப்புள்ள இருவரின் பெயர் கேட்கப்படுகிறது. பாஸ்போர்ட் மனுவிலும் அப்படியே இரண்டு பெயர், விலாசம், போன் நம்பர். தனியார் கம்பெனிகள் முன்பு வேலை செய்த இடத்து மேலாளரையோ ஆசிரியரையோ கேட்கின்றன. சொந்தக்காரர் கூடாது என்று பல கம்பெனிகள் நிபந்தனையும் போடுகின்றன. கடைத்தெருவிலோ காகிதமே இல்லை. “உன்னைத் தெரிஞ்சவங்க யாரு தம்பி?” என்ற ஒரே கேள்விதான்.

இந்த இடத்தில் நம் மக்கள் ஒரு தவறு செய்து விடுகிறார்கள். சாட்சி கேட்கப்படும் இடத்தில் சிபாரிசைக் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சிபாரிசு என்பது ஒருவருக்காக இன்னொருவரிடம் பரிந்து பேசுவது. நல்ல காரியத்துக்காகப் பரிந்து பேசுகிறவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு, தீய காரியத்துக்காகப் பேசுகிறவருக்கு அதன் சுமையிலும் பங்குண்டு என்று திருமறையின் நாலாவது அத்தியாயம் அறிவிக்கிறது. சாட்சி என்பதோ தாம் கண்டதையும் அறிந்ததையும் கேட்டவரிடம் ஒப்படைப்பது. வேலை மனுவில் கேட்கப்படும் இரண்டு பெயர்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கேட்கிறவர் விரும்புவது பெரிய மனிதரின் பரிவை அல்ல. தெரிந்த மனிதரின் தகவலை. ஆனால் நம் வீடுகளில் இந்தக் காகிதம் வந்ததும் முதலில் எழும் பேச்சு, ஊரில் யார் பெரியவர் என்பதுதான். கவுன்சிலரா, ஹாஜியாரா, தோல் ஷாப்பு முதலாளியா என்று தேடுகிறோமே தவிர, பையனை யாருக்குத் தெரியும் என்று தேடுவதில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் நடந்ததாக இமாம் பைஹகீ முதலியோர் எடுத்து எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி, இவ்விஷயத்தில் நமக்குப் பாடப் புத்தகம் போல அமைந்திருக்கிறது. ஒரு மனிதர் சாட்சி சொல்ல வந்தார். உமர் (ரலி) அவர்கள், உம்மை எனக்குத் தெரியாது, நான் அறியாதிருப்பதால் உமக்குக் குறைவும் இல்லை, உம்மை அறிந்த ஒருவரை அழைத்து வாரும் என்றார்கள். சபையிலிருந்த ஒருவர் எழுந்து தமக்குத் தெரியும் என்றார். எந்த வகையில் தெரியும் என்று கலீபா கேட்டார்கள். அவர் நீதியும் சிறப்பும் உள்ளவர் என்று பதில் வந்தது. கலீபா விடவில்லை. இவருடைய இரவையும் பகலையும், வரவையும் போக்கையும் காணும் பக்கத்து வீட்டுக்காரரா நீர்? இல்லை. பேணுதலை வெளிப்படுத்தும் தீனார் திர்ஹத்தில் இவருடன் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? இல்லை. குணத்தை வெளிக்கொண்டு வரும் பிரயாணத்தில் இவருடன் கூடப் போயிருக்கிறீரா? அதுவும் இல்லை. அப்படியானால் இவரை உமக்குத் தெரியாது என்று முடித்து விட்டு, வந்தவரிடம் திரும்பி, உம்மை அறிந்தவரைக் கூட்டி வாரும் என்றார்கள். பள்ளியில் நின்று தொழுவதைப் பார்த்திருப்பீர் போலும் என்று கலீபா சொன்னதாகவும் ஓர் அறிவிப்பில் வருகிறது.

அந்தக் கடைசி வார்த்தை நம்மைத் தைத்தது போல வேறெதுவும் தைத்ததில்லை. ஏனென்று சொல்கிறோம்.

நாம் ஜமாஅத் செயலாளராக இருந்த வருடங்களில், மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் மகனை அழைத்துக் கொண்டு வீட்டுக்கே வந்து விட்டார். வெளியூர்க் கமிஷன் மண்டி ஒன்றில் கல்லாவில் உட்காரும் வேலை. “எல்லாம் முடிஞ்சுருச்சு பாய், ஒங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி” என்றார். பையனின் அத்தா நம்முடன் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர், மவுத்தாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. ஜமாஅத் லெட்டர் தாளை எடுத்து, இவரைப் பத்து வருடங்களாக அறிவோம், ஒழுக்கமும் நேர்மையும் உள்ளவர் என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தோம்.

எட்டு மாதம் கழித்து மண்டிக்காரர் நேரில் வந்தார். வசூல் பணத்துடன் பையன் போய் விட்டிருந்தான். அவர் சத்தம் போடவில்லை. நாலாக மடித்த அந்தக் கடிதத்தைப் பிரித்து நம் முன் வைத்து, “பத்து வருஷமாத் தெரியும்னு எழுதியிருக்கீங்க பாய். என்ன தெரியும்?” என்று மட்டும் கேட்டார். நாம் யோசித்துப் பார்த்தோம். அவனுடைய அத்தாவைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவன் வெள்ளைத் தொப்பியுடன் வருவது தெரியும். அவ்வளவுதான். அதற்கு முன் அவன் இருந்த பட்டறையில் சீட்டாட்டப் பழக்கத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள். அது நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டறை. மண்டிக்காரர் நம் கடிதத்தை நம்பி அங்கே விசாரிக்கவில்லை. நாமும் விசாரிக்கவில்லை.

பணம் போனது ஒரு புறம் இருக்கட்டும். அடுத்த மாதமே வேறொரு பையன், உண்மையிலேயே நாணயமானவன், நம் கடிதத்துடன் அதே கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தான். அந்த மஹல்லாக் கடிதம் வேண்டாம் என்று சொல்லி விட்டார்களாம். பொய்ச் சான்று ஒருவனை மட்டும் கெடுப்பதில்லை. மெய்ச் சான்றைத் தவிர வேறு முதல் இல்லாத ஏழைப் பிள்ளையின் முதலையும் கரைத்து விடுகிறது. இதை நாம் கிதாபில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை.

பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியை அடைந்ததும், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, இனி நிறுத்த மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது இது. அதே தோழர் வாயிலாக இன்னொரு ஹதீதும் வருகிறது. சபையில் ஒருவர் மற்றொருவரை வானளாவப் புகழ்ந்தார். உம் தோழரின் கழுத்தை அறுத்து விட்டீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். புகழ்ந்தே ஆக வேண்டுமென்றால், உண்மையாகவே அறிந்திருக்கும் பட்சத்தில், இன்னாரை நான் இப்படி எண்ணுகிறேன், அவரைக் கணக்கெடுப்பவன் அல்லாஹ்வே என்ற வரம்பில் நின்று சொல்லுமாறு கற்றுக் கொடுத்தார்கள். ஒரு சான்றுக் கடிதம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் நமக்குத் தெரியாது. அறிந்ததை எழுது, அறியாததை எண்ணம் என்று சொல், அந்தரங்கத்துக்கு ஜாமீன் நிற்காதே.

ஹனபி சட்ட நூலான ‘ஹிதாயா’வில், சாட்சிகளின் தரத்தை அறிய காஜி ரகசியக் குறிப்பு ஒன்றை விசாரிப்பவருக்கு அனுப்பும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பெயர், வமிசம், அங்க அடையாளம், தொழும் பள்ளி எல்லாம் அதில் இருக்கும். இன்றைய கம்பெனிகள் ஆள் வைத்துப் போனில் விசாரிப்பதைப் புதுமை என்று எண்ணுகிறவர்கள் கவனிக்கவும்.

வேலைக்காக ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்ட சான்று திருமறையிலேயே இருக்கிறது. மத்யன் ஊர்க் கிணற்றடியில் மூஸா (அலை) அவர்கள் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பின்னர் அவர்களில் ஒருத்தி தன் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள், கூலிக்கு அமர்த்தத் தக்கவரில் சிறந்தவர் பலமும் நம்பிக்கையும் உடையவரே என்ற கருத்துப்படச் சொன்னதாக இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் வருகிறது. தந்தை அதை அப்படியே ஏற்காமல், பலமும் நாணயமும் உனக்கு எப்படித் தெரிந்தது என்று வினவியதாகத் தப்ஸீர்களில் எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து நகர்த்தும் கல்லை அவர் ஒருவராகத் தூக்கினார். வழியில் என்னைப் பின்னால் வரச் சொல்லி அவர் முன்னே நடந்தார் என்று அவள் பதில் சொன்னாளாம். இரண்டு குணங்களுக்கும் இரண்டு காட்சிகள். அவள் பெரிய மனுஷியல்ல, பார்த்தவள்.

இதைவிட நம் மனதில் நிற்பது பரீரா (ரலி) அவர்களின் சான்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சுமத்தப்பட்ட அந்தக் கடினமான நாட்களில், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் பணி செய்த பரீராவை அழைத்து விசாரித்தார்கள். குறை சொல்லும்படி எதையும் நான் கண்டதில்லை. ஒன்று மட்டும், வயதில் சிறிய பெண், பிசைந்து வைத்த மாவை விட்டுத் தூங்கி விடுவார், ஆடு வந்து தின்று விடும் என்றார் அவர். எத்தகைய சாட்சி! புகழ்ச்சி வார்த்தை ஒன்று கூட இல்லை. ஆனால் அந்த ஆடும் மாவும் இருக்கின்றனவே, அவை சொல்லி விடுகின்றன, இந்தப் பெண் அந்த வீட்டை உள்ளும் புறமும் அறிந்தவள் என்று. சிறு குறையை மறைக்காதவளின் வாயிலிருந்து வந்ததால்தான் பெரிய விஷயத்திலும் அவள் சொல் எடுபடுகிறது.

நம் கடிதம் செல்லாமல் திரும்பி வந்த அந்தப் பையனுக்கும் இறுதியில் இப்படிப்பட்ட சாட்சிதான் கை கொடுத்தது. நம் ஊர் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவன் படிக்கும்போதே மாலை வேளைகளில் ஒரு பூட்டுப் பட்டறையில் எடுபிடியாக இருந்தான். அதை மனுவில் எழுதவே கூச்சப்பட்டான். நாம்தான் வற்புறுத்தி அந்த மேஸ்திரியின் பெயரையும் போன் நம்பரையும் எழுத வைத்தோம். கம்பெனியிலிருந்து போன் வந்தபோது மேஸ்திரி சொன்னாராம்: “காலையில நேரத்துக்கு எந்திரிக்க மாட்டான் சார். ஆனா சாயங்காலம் சாவிய எண்ணி ஒப்படைக்காம வீட்டுக்குப் போனதில்ல. மூணு வருஷத்துல ஒரு சாவி கொறஞ்சதில்ல.” வேலை கிடைத்து விட்டது. மாலை ஷிப்டில் போட்டார்களாம்!

ஆகவே, சான்றாளரைத் தேர்ந்தெடுக்கும் வாலிபர்கள் உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளை வைத்துத் தேடட்டும். கொடுக்கல் வாங்கலில் அறிந்தவர் யார்? ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் விடியும் முன் உங்களை நம்பித் தராசையும் பணப் பையையும் விட்டுப் போன கடைக்காரர். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் நைட் ஷிப்டில் உங்களைப் பார்த்த சூபர்வைசர். பிரயாணத்தில் அறிந்தவர் யார்? முகாமுக்கு அழைத்துப் போன என்.எஸ்.எஸ். ஆசிரியர்; மூன்று நாள் ஒரே கூடாரத்தில் இருந்தால் மனிதன் தெரிந்து விடுவான். இரவு பகல் அறிந்தவர் யார்? விடுதிக் காப்பாளர், மதரஸா உஸ்தாது, பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பாஸ்போர்ட் மனுவில் பதினைந்து வருடப் பக்கத்து வீட்டுப் பெரியவரை விட்டு விட்டு, தெருவே தெரியாத பிரமுகரின் பெயரை எழுதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெண் பிள்ளைகளுக்குச் சான்றாளர் கிடைக்காது என்று சிலர் சொல்கிறார்கள். டியூஷன் எடுத்த வீட்டுத் தாய்மார்கள், வகுப்பாசிரியை, தையல் வகுப்பு நடத்தியவர் எல்லாம் யார்? அத்தாவும் மாமுவும் எவ்வளவு பெரிய மனிதர்களானாலும் அவர்களின் சொல்லை விட இவர்களின் சொல் எடையுள்ளது.

இருவரைக் கேட்டால் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறவர்களாக இருக்க வேண்டாம். ஒருவர் படிப்பை அறிந்தவர், மற்றவர் உழைப்பை அறிந்தவர் என்றிருப்பது நலம். பத்து வருடத்துக்கு முன் உங்களைப் பார்த்தவரை விட, சென்ற வருடம் பார்த்தவர் மேல்.

பெயரை எழுதும் முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்து, இன்னாரைத் தெரியுமா என்று திடீரெனக் கேட்டால், தெரிந்தவரும் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் உங்கள் கணக்கில் எழுதப்பட்டு விடும். நேரில் போய், என்ன வேலை, எந்த இடம், யார் போன் செய்யக்கூடும் என்று சொல்லுங்கள். மனுவின் நகல் ஒன்று கொடுங்கள். அவரிடம் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பதைத் தேதியுடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தாருங்கள். அவர் ஜூன் என்று சொல்லி, நீங்கள் ஏப்ரல் என்று எழுதியிருந்தால் பொய்யில்லாமலே பொய்யராகி விடுவீர்கள். கேட்கும்போதே மறுக்கவும் அவருக்கு இடம் கொடுத்துக் கேளுங்கள். “என்னைப் பத்தி நல்லபடியாச் சொல்ல ஒங்களுக்கு மனசு வருமா?” என்று கேட்டு, அவர் கொஞ்சம் இழுத்தால், ஸலாம் சொல்லி வேறொருவரிடம் போவதே புத்தி. “நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்பவரும் உண்டு. தேதிகளையும் செய்த வேலைகளையும் குறித்துக் கொடுக்கலாம். தன்னைத் தானே புகழும் வரிகளை அவர் கையில் திணிப்பது முறையல்ல. யூசுப் (அலை) அவர்கள் மிஸ்ரு தேசத்துக் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, பாதுகாப்பேன், அறிந்திருக்கிறேன் என்ற இரண்டே தகுதிகளைத் தாமே எடுத்துரைத்தார்கள். தன் தகுதியைத் தன் வாயால் சொல்லத் தடையில்லை. அதை இன்னொருவர் சொன்னதாகக் காட்டுவதுதான் கோளாறு.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஏ.சி. மெக்கானிக் வேலையில் மூன்று வருட அனுபவம் என்று, கடை ஒன்றின் பெயரில் காகிதம் அடித்துக் கொடுப்பதை உதவி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுப்பவருக்கு அது பொய்ச் சாட்சி; காட்டுபவருக்கு அது மோசடி; நாட்டின் சட்டத்திலும் குற்றம். அங்கே போய் ஸ்பேனரைக் கையில் கொடுத்ததும் குட்டு வெளியாகிறது. கடன் வாங்கிப் போனவன் கடனோடு திரும்புகிறான்.

போலீஸ் வழக்கு எதுவும் இருந்தால் மறைக்க வேண்டாம். கைது, நிலுவை வழக்கு, விடுதலை ஆகியவை பற்றிப் படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமானால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் பொறுத்துக் கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அது அவர் மனசைப் பொறுத்தது. எழுதி விட்டால் சான்றாளரும் பொய் சொல்ல வேண்டிய நிலை வராது.

சரி, நம்மிடம் ஒருவர் வந்து விசாரிக்கிறார், நமக்குக் குறை தெரிந்திருக்கிறது. சொன்னால் புறம் ஆகாதா? பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். ஒருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர், மற்றவர் பொருளில்லாதவர் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஆலோசனை கேட்டவரிடம் தேவையான அளவு உண்மையைச் சொல்வது புறத்தில் சேராது என்று இமாம் நவவீ அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அளவு என்பதுதான் முக்கியம். கல்லா வேலைக்குக் கேட்கிறவரிடம் பணத்தில் அவன் நடந்து கொண்டதைச் சொல்ல வேண்டும். அவன் வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டியதில்லை. ஹதீதுக் கலையில் பேர் பெற்ற அலி இப்னுல் மதீனீ அவர்களிடம் சொந்தத் தந்தையைப் பற்றிக் கேட்டபோது, வேறொருவரைக் கேளுங்கள் என்று முதலில் தட்டிக் கழித்து, மறுபடியும் கேட்டபோது, இது தீனுடைய விஷயம், அவர் பலவீனமானவர் என்று சொன்னார்கள். முதலில் தட்டிக் கழித்தது பிள்ளையின் மனம். பிறகு சொன்னது சாட்சியின் கடமை.

எழுத முடியாதபோது மறுப்பதும் அன்புடன் ஆகலாம். பதவி கேட்ட அபூதர் (ரலி) அவர்களின் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், அது அமானிதம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். “எனக்கு உன்னைச் சரியாத் தெரியாது தம்பி, தெரிஞ்சவரைக் காட்டறேன் வா” என்று நாம் இப்போதெல்லாம் சொல்கிறோம். முதலில் இரண்டு மூன்று வீட்டார் கோபித்துக் கொண்டார்கள். ஒரு நிக்காஹ்வுக்கு நமக்கு அழைப்பும் வரவில்லை.

பணத்துடன் போனானே அந்தப் பையன், இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தான். அவனுடைய தாய் மண்டிக்காரரிடம் பேசித் தவணைக்குச் சம்மதம் வாங்கினார். மாதா மாதம் அவன் கொண்டு வரும் தொகையை நாமே போய்க் கட்டி ரசீது வாங்கி வந்தோம், பதினெட்டு ரசீதுகள். கடன் தீர்ந்த வாரம், மில் வேலைக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எழுதினோம். இவர் முன்பு ஓரிடத்தில் பணத்தில் தவறினார். பின்னர் முழுத் தொகையையும் பதினெட்டுத் தவணைகளில், ஒரு மாதமும் தவறாமல், நம் கை வழியாகத் திருப்பிக் கட்டினார். இதற்கு மேல் இவரைப் பற்றி நமக்குத் தெரியாது. அவனுக்கு அதைப் படித்துக் காட்டி, கொடுக்கச் சம்மதமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்து விட்டு வாங்கிக் கொண்டான். நாலாம் நாள் மில்லிலிருந்து போன் வந்தது. எவ்வளவு தொகை, எத்தனை மாதம் என்று இரண்டு கேள்வி கேட்டார்கள். ரசீதுகளை எடுத்து வைத்துக் கொண்டு பதில் சொன்னோம். கல்லாவில் வேண்டாம், மிஷினில் போடுகிறோம் என்றார்கள்.